ஹார்லிக்ஸ் பாட்டிலில் வாசர், எண்ணெய் டின்னில் ஆணி

ஒரத்தநாட்டுப் பக்கம் எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஒரு குட்டிப் பட்டறை கண்ணில் படும். போர்டு இருக்காது, கடை வாடகையும் கிடையாது. மோட்டார் கொட்டகையின் மூலை, மாட்டுக்கொட்டகையை ஒட்டி இறக்கிய சாய்ப்பு, மாடிப்படிக்கு அடியில் மிஞ்சிய இடம் என்று எங்காவது ஒண்டிக்கொண்டிருக்கும். ஒரு ஸ்பானர் செட்டு, கட்டிங் பிளேயர், பைப் ரென்ச், டெஸ்டர், பாதி தேய்ந்த அரம். சில வீடுகளில் சின்னதாக ஒரு வெல்டிங் மிஷினும் இருக்கும். சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ சம்பாதித்துத் திரும்பியவர் வீடு என்று அதை வைத்தே சொல்லிவிடலாம்.

பொழுதுபோக்குக்காக வந்த பட்டறைகள் இல்லை இவை. 1934-ல் மேட்டூர் அணை எழும்பியபோது அந்தத் திட்டத்தோடு சேர்த்து வெட்டியது கல்லணைக் கால்வாய். இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அது 'புது ஆறு'. தஞ்சாவூரைத் தாண்டி ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று இறங்கி, பழைய டெல்டாவின் தண்ணீர் எட்டாத மேட்டு நிலத்தை எல்லாம் நெல் வயலாக்கியது. ஆனால் ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகும். சொன்ன தேதியில் திறக்காத வருஷங்களும் ஏராளம். அதனால்தான் வயலுக்கு வயல் போர்செட். போர்செட் இருக்கிற இடத்தில் ரிப்பேரும் இருக்கும்தானே!

ஃபுட்வால்வ் வாசர் தேயும், கிளாண்டு கயிறு ஒழுகும், ஸ்டார்ட்டரில் பீங்கான் உடையும், ஸ்பிரேயர் நாசில் அடைக்கும், பெல்ட் அறும். ஒவ்வொன்றுக்கும் டவுனுக்கு ஓடி மெக்கானிக்கைக் கூப்பிட்டால் குறுவை நாற்று காத்திருக்குமா? கஜா புயல் வந்த 2018 நவம்பரில் மின்கம்பங்கள் மொத்தமாகச் சாய்ந்து, இந்தப் பகுதி வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தது. ஒயரையும் ஸ்பானரையும் கையாளத் தெரிந்த ஆளின் அருமை அப்போது ஊருக்கே தெரிந்தது.

ஆக, கையில் வேலை இருக்கிறது, கருவியும் இருக்கிறது. ஒன்றே ஒன்றுதான் குறை. தேடினால் எதுவும் கிடைக்காது.

வேண்டிய வாசர் வீட்டிலேயேதான் இருக்கும். எங்கே? யூரியாச் சாக்குக்குள், மற்ற ஐம்பது சாமானோடு. மும்முனைக் கரன்ட் போவதற்குள் மாட்டியாக வேண்டும் என்கிற அவசரத்தில் சாக்கைக் கவிழ்த்துக் கொட்டி, டார்ச் அடித்துத் தேடி, கிடைக்காமல், பைக்கை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்ப் புதுசு வாங்கி வந்து மாட்டுவார்கள். மறுநாள் வேறெதையோ தேடும்போது பழைய வாசர் கைக்கு வரும். இப்படிச் சேர்ந்துவிட்ட ஒரே அளவு வாசர்களை எண்ணிப் பார்த்தால், அந்தக் காசுக்கு ஒரு நல்ல டிரில்லிங் மிஷினே வாங்கியிருக்கலாம்.

ஆலையில் தெரிந்தது, வீட்டில் மறந்தது

சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-ல் ஜப்பானின் டெமிங் பரிசை வாங்கியது. 2002-ல் டி.வி.எஸ். மோட்டார் வாங்கியது. தரத்துக்காகத் தரப்படும் அந்தப் பரிசுக்கு ஆயிரம் அளவுகோல்கள் உண்டு என்றாலும், ஆலைக்குள் முதலில் சொல்லிக் கொடுப்பது '5எஸ்' என்கிற பாடம்தான். வேண்டாததைப் பிரித்து எடு, வேண்டியதற்கு ஓர் இடம் வை, துடைத்து வை, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வை, இதை விடாமல் செய். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஓசூருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போகிற டெல்டாப் பையன்கள் வேலைக்குச் சேர்ந்த கையோடு இதை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். பொங்கலுக்கு ஊருக்கு வந்ததும் அப்பாவின் யூரியாச் சாக்கைக் கொட்டி ஸ்பானர் தேடுகிறவர்களும் அதே பையன்கள்தான்!

ஆலையில் அழகான நீல நிற பிளாஸ்டிக் தட்டுகள் வரிசையாக மாட்டியிருக்கும். நம் வீட்டுக்கு அது கட்டுப்படியாகாது என்ற எண்ணம் அங்கேயே பாடத்தை நிறுத்திவிடுகிறது. கட்டுப்படியாக வேண்டிய அவசியமே இல்லை. ஒரு நெல் விவசாயி வீட்டு அடுக்களையும், தெருமுனை டீக்கடையும், பக்கத்துக் கல்யாண மண்டபமும் வருஷம் முழுக்க வெளியே தள்ளுகிற டப்பாக்களே ஒரு பட்டறைக்கு வேண்டிய அளவுக்கு மேல் இருக்கின்றன. பேரீச்சம்பழத்துக்குப் போடுவதற்கு முன் கொஞ்சம் பொறுக்கிவைக்க வேண்டும், அவ்வளவுதான்.

பொறுக்கும்போதுதான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். கண்ணில் பட்ட டப்பாவை எல்லாம் சேர்ப்பது பட்டறை ஆகாது. அது அடுக்களையில் இருந்த அடைசலைக் கொல்லைக்கு மாற்றுவது. கை நுழையாத வாயுள்ள பாட்டிலை முதலிலேயே கழித்துவிடுங்கள். கடைசி ஸ்க்ரூவை எடுக்க அதைக் கவிழ்த்துத் தட்ட வேண்டியிருக்கும். அதைவிட முக்கியம், ஒரே அளவு. பத்து ரகத்தில் பத்து டப்பா இருப்பதைவிட ஒரே ரகத்தில் பத்து டப்பா இருந்தால்தான் பலகையில் அடங்கும், ஒன்றின்மேல் ஒன்று உட்காரும், மூடி மாறிப் போகாது. வீட்டில் மாதம் ஒரு டப்பா காலியாகிற பொருள் எது என்று பாருங்கள். உங்கள் பட்டறையின் அளவு அதுதான். சில வீட்டில் அது பூஸ்ட் டப்பா, சில வீட்டில் நெய் பாட்டில், சர்க்கரைக்காரர் வீட்டில் மாத்திரை டப்பா.

டின்னின் பூர்வீகம்

இந்தப் பொருள்களில் எனக்கு மிகவும் பிடித்தது 15 கிலோ எண்ணெய் டின். ஏறக்குறைய 9 அங்குலச் சதுரம், 14 அங்குல உயரம். பஜ்ஜிக் கடை, பரோட்டாக் கடை, பலகாரக் கடை எல்லா இடத்திலும் கிடைக்கும். முகூர்த்த மாதங்களில் மண்டபத்துச் சமையல் மாஸ்டரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் ஐந்தாறு மொத்தமாக வந்து இறங்கும்.

இதன் மூதாதை மண்ணெண்ணெய் டின். நம் தாத்தாக்கள் சொன்ன 'கிருஷ்ணாயில் டின்'. நாலு காலன் பிடிக்கிற இந்தச் சதுர டின், அமெரிக்க எண்ணெய்க் கம்பெனிகளோடு உலகத்தைச் சுற்றி வந்தது. இந்தியாவில் 1928-ல் உருவான பர்மா ஷெல் அதைப் பட்டிதொட்டி எங்கும் கொண்டுபோனது. 1976-ல் அந்தக் கம்பெனியை அரசு எடுத்துக்கொண்டது. இன்று அது பாரத் பெட்ரோலியம். விளக்குக்கு எண்ணெய் வந்து இறங்கியது ஒரு பக்கம். காலி டின் பிறகு எடுத்த அவதாரங்கள் இன்னொரு பக்கம். மேல் தகட்டை வெட்டிக் குறுக்கே ஒரு கட்டை அடித்தால் தண்ணீர் சுமக்கும் வாளி. பிரித்துத் தட்டினால் கூரைக்குத் தகடு. தகர வேலை செய்கிறவர் கையில் போனால் புனல், எண்ணெய் அளக்கும் குவளை, சிமினி விளக்கு, உண்டியல், டிரங்குப் பெட்டி. வீட்டுச் சாமானின் இரண்டாவது வாழ்க்கையை நமக்கு யாரும் வெளிநாட்டிலிருந்து சொல்லித்தர வேண்டிய நிலை அன்று இல்லை. பிளாஸ்டிக் மலிவாகி, தகரக்காரர் தெருவை விட்டுப் போன பிறகுதான் அந்தக் கை மறந்தது.

டின்னை நெடுக்காக இரண்டாகப் பிளந்தால் நாலரை அங்குல ஆழத்தில் இரண்டு தட்டு கிடைக்கும். ஆணி, போல்ட்டு, பைப் கிளாம்பு போட இதைவிட நல்ல தட்டு கடையில் இல்லை. வெட்டுவதற்கு முன் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க வேண்டும். நெல் ஊரில் இதற்குக் கவலையே கிடையாது. ரைஸ்மில் தவிட்டில் இரண்டு கை அள்ளிப் போட்டு நன்றாகக் குலுக்கி, ஒரு நாள் அப்படியே விட்டால் எண்ணெயை உறிஞ்சிவிடும். அந்தத் தவிட்டைக் கொட்டிவிட்டு, கொதிக்கக் கொதிக்க சோடா உப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவி வெயிலில் காய வைத்தால் போதும்.

வெட்டுகிற இடத்தில்தான் நிதானம் வேண்டும். நடுவில் வெட்டுக் கோடு போடுங்கள். வெட்டிய பிறகு, விளிம்பிலிருந்து அரை அங்குலம் உள்ளே தள்ளி இன்னொரு கோடு போட்டு, மூலைகளில் மட்டும் அந்தக் கோடு வரைக்கும் கத்திரியால் கீறிவிடுங்கள். அந்த அரை அங்குலத்தை உட்புறமாக மடக்கி, ஒரு மரக்கட்டையை அண்டக்கொடுத்துச் சுத்தியலால் தட்டித் தட்டிப் படிய வைக்க வேண்டும். இப்போது விரல் வைத்து இழுத்துப் பாருங்கள், கீறாது. தட்டுக்கும் பலம் வந்துவிடும். இந்த மடிப்பு இல்லாத தகரத் தட்டு ஒரு கத்தி. அவசரத்தில் கை விடுகிற இடத்தில் கத்தியை வைக்காதீர்கள். இன்னொன்று, தட்டு கிடைத்துவிட்டது என்று விளிம்பு வரை ஆணியைக் கொட்டினால் 20 கிலோவைத் தாண்டிவிடும். பாதி போதும்.

கத்திரியால்தான் வெட்ட வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வீட்டில் வெல்டிங் மிஷின் இருக்கிறது, கட்டர் இருக்கிறது என்று பெட்ரோல், டீசல், தின்னர், வார்னிஷ் இருந்த காலி டின்னில் நெருப்பு வைத்துவிடாதீர்கள். உள்ளே திரவம் ஒரு சொட்டும் இல்லாவிட்டாலும் ஆவி இருக்கும். நிறைந்த டின்னைவிடக் காலி டின்தான் வெடிக்கும். அந்த டின்கள் நமக்குத் தேவையே இல்லை. சமையல் எண்ணெய் டின் ஊரெல்லாம் கிடக்கிறது.

பலகைக்கு அடியில்

பட்டறையில் இடம் இல்லை என்பவர்கள் பலகைக்கு மேலேதான் பார்க்கிறார்கள். அடியில் பாருங்கள்.

1960-ல் பஞ்சாபின் நாபாவில் ஆலை வைத்த பிறகு ஹார்லிக்ஸ் நம் வீடுகளில் காய்ச்சல்காரருக்கான மருந்து போலவே ஆகிப்போனது. குடித்து முடித்த கண்ணாடி பாட்டிலில் புளி, மிளகு, காப்பித்தூள் என்று அடுக்களையே நின்றது. இன்று அது பிளாஸ்டிக் ஜாடி. திருகு மூடியுள்ள எந்த ஜாடியானாலும் ஒன்றுதான். மூடியை மட்டும் பலகையின் அடிப்பக்கத்தில் கவிழ்த்து வைத்து ஸ்க்ரூ அடித்துவிட்டால், ஜாடியைக் கீழிருந்து திருகி மாட்டலாம். அமெரிக்காவில் குழந்தை உணவு பாட்டில்களை இப்படித் தொங்கவிடுவது இரண்டு மூன்று தலைமுறைப் பழக்கம்.

செய்து பார்த்தவர்கள் பலர் பாதியில் கைவிடுவதற்குக் காரணம் ஒரே ஒரு ஸ்க்ரூ அடிப்பது. ஜாடியைத் திருகும்போது மூடியும் கூடவே சுற்றும். இரண்டு ஸ்க்ரூ வேண்டும். பிளாஸ்டிக் மூடி என்றால் ஸ்க்ரூத் தலைக்கு அடியில் அகல வாசர் வேண்டும். இல்லாவிட்டால் கனத்தில் மூடி கிழிந்து ஜாடி தலையில் இறங்கும். கண்ணாடி பாட்டிலைத் தலைக்கு மேலே தொங்கவிடவே வேண்டாம். கண் மட்டத்தில் பலகை, அடியில் பிளாஸ்டிக் ஜாடிகள், உள்ளே வாசர், ஃபியூஸ் கட்டை, சின்ன ஸ்க்ரூ. எது எங்கே என்று கேட்க வேண்டியதே இல்லை, வெளியிலிருந்தே தெரியும்.

தெரியாத டப்பாவுக்கு என்ன செய்வது? எழுதி ஒட்டலாம். பழைய கல்யாணப் பத்திரிகையைவிடக் கெட்டியான அட்டை கிடைக்காது. ஆனால் எழுத்தைவிட நல்ல வழி, உள்ளே இருக்கிற சாமானில் ஒன்றை டப்பாவின் வெளியே ஒட்டிவிடுவது. அரை அங்குல ஸ்க்ரூ டப்பாவின் முகத்தில் ஓர் அரை அங்குல ஸ்க்ரூ. கண்ணாடி போடாத அப்பாவுக்கும் புரியும், எழுத்துக் கூட்டாத பேரனுக்கும் புரியும்.

கல்யாணம் என்றதும் தாம்பூலப் பை ஞாபகம் வருகிறது. வீட்டுக்கு வீடு ஒரு மூட்டை கிடக்கும். சர்வீஸ் ஒயர், கயிறு, பழைய டியூப் இவற்றைச் சுருட்டி ஆளுக்கொரு பையில் போட்டு ஆணியில் மாட்டிவிடலாம். துணி என்பதால் காற்றோட்டம் உண்டு. மாப்பிள்ளை, பெண் பெயரும் தேதியும் அச்சடித்திருப்பதால் "சுமதி கல்யாணப் பையை எடுப்பா" என்றால் அதுவே அடையாளம்!

ஓட்டை விழுந்த பிளாஸ்டிக் குடத்தைப் பாதியாக அறுத்தால், கழுத்துப் பக்கம் பெரிய புனல், அடிப்பக்கம் எல்போ, டீ, கப்ளிங் போடுகிற தொட்டி. ஐந்து லிட்டர் எண்ணெய் கேனைக் கைப்பிடி மிஞ்சுகிற மாதிரி சாய்வாக அறுத்தால், ஆணியை அப்படியே தூக்கிக்கொண்டு வயலுக்குப் போகலாம். பெயிண்ட் கடையின் 20 லிட்டர் வாளி நடமாடும் பட்டறை; மூடியைப் போட்டால் ஸ்டூல். போர் போட்டபோது மிஞ்சிய பி.வி.சி. பைப்பில் ஒன்றரை அடித் துண்டு, இரண்டு பக்கமும் மூடி. வெல்டிங் ராடு ஈரம் படாமல் இருக்க இதற்கு இணை கிடையாது. ஈரம் குடித்த ராடு பற்றாது, பற்றினாலும் வெல்டிங்கில் குமிழி விழும்.

முட்டை அட்டை ஒன்று கட்டாயம் இருக்கட்டும். கார்புரேட்டரையோ ஸ்பிரேயர் பம்பையோ பிரிக்கும்போது, கழற்றுகிற வரிசையிலேயே குழிக்கு ஒன்றாகப் போட்டு வந்தால், பின்னாலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு வரலாம். வேலை முடிந்து இரண்டு சாமான் மிஞ்சிப்போகிற விந்தை அப்போது நடக்காது. எரிந்துபோன ஸ்பீக்கரின் காந்தத்தை ஒரு பழைய எவர்சில்வர் தட்டுக்கு அடியில் வைத்தால் தட்டில் போடுகிற ஸ்க்ரூ உருளாது என்கிறார்கள்.  

வெளிநாட்டு டின்களுக்கென்று தனி மரியாதை உண்டு. நிடோ, மைலோ, குவாலிட்டி ஸ்ட்ரீட் என்று பெட்டியோடு வந்திறங்கியவை. டென்மார்க் பிஸ்கட் டின்னைத் திறந்தால் ஊசி நூல்தான் இருக்கும் என்பது உலகம் பூராவும் ஓடுகிற நகைச்சுவை. சிங்கப்பூர், மலேசியாவில் ஒரு காலத்தில் காப்பியைப் பார்சல் கட்டியதே காலி கண்டென்ஸ்டு பால் டின்னில், ஒரு கயிறு கோத்து. மூடி இறுகப் படிகிற இந்த டின்களை வீணாக்காமல் ஒரு முக்கியமான வேலைக்கு ஒதுக்குங்கள். ஆளிவிதை எண்ணெயும் பாலிஷும் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து இந்த மாதிரி டின்னில் அடைத்து வைக்க வேண்டும்.

அடுக்களையில் வாசனை போன அஞ்சறைப்பெட்டிக்கும் இங்கே இடம் உண்டு. ஸ்டார்ட்டர் சாமானுக்கென்றே செய்தது போல இருக்கும். கேட்டுவிட்டு எடுங்கள், அவ்வளவுதான்.

ஐப்பசிக்கு முன்

டெல்டாவில் டப்பாவுக்கு வருகிற உண்மையான பரீட்சை வடகிழக்குப் பருவமழை. அக்டோபர் பிறந்தால் டிசம்பர் வரை காற்றிலேயே தண்ணீர் நிற்கும். ஓட்டுச் சாய்ப்பில் திறந்து கிடக்கிற ஆணி தை மாத அறுவடைக்குள் சிவந்துவிடும். மூடி இறுகாத டப்பா இந்த மூன்று மாதத்துக்கு உதவாது. மாத்திரை டப்பாவிலும் செருப்புப் பெட்டியிலும் வருகிற சிலிக்கா பொட்டலத்தைத் தூக்கி எறியாமல் ஜாடிக்குள் போடுங்கள். கருவிகளை மிஷின் ஆயில் துணியால் துடைத்து வைப்பது பழைய பாடம். பெட்டியில் சூடம் போட்டு வைப்பது பல நாட்டுத் தச்சர்களின் வழக்கம்.

உரச்சாக்கை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். யூரியா காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். பொட்டாஷ் என்பது ஒரு வகை உப்புதான். இழையில் ஒட்டியிருக்கிற துகள் போதும், அதில் போட்ட ஸ்பானர் ஒரே மழைக்காலத்தில் துருவேறிவிடும். டெல்டா வீடுகளில் கருவிகள் கெடுவதற்கு மழையைத் திட்டுகிறோம், திட்ட வேண்டியது சாக்கை.

அடுத்தது எலி. நெல் ஊரில் எலி இல்லாத கொட்டகை ஏது? பிளாஸ்டிக்கைக் கடித்துவிடும். பெல்ட், ரப்பர் வாசர் எல்லாம் தகர டின்னுக்குள் போகட்டும். அடுக்கைத் தரையிலிருந்து ஓர் அடியாவது உயர்த்துங்கள். எலியைத் தேடி வருகிறவரும் டப்பா இடுக்கில்தான் சுருண்டு படுப்பார்.

கொசு இதையெல்லாம்விடப் பெரிய விஷயம். சேர்த்து வைத்த காலி டப்பாவில் மழைத்தண்ணீர் ஒரு கை அளவு நின்றால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். பத்து நாளுக்குள் கொசுவாகிப் பறந்துவிடும். தண்ணீர் வற்றினாலும் டப்பாச் சுவரில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, அடுத்த மழைக்குப் பொரியும். 1939-ம் வருஷத்துத் தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டத்தை வைத்து, கொசு வளர்க்கிற வீடுகளுக்கு அபராதம் போடுகிறார்கள். சாமான் போடாத டப்பா வெளியில் இருக்கக் கூடாது. இருந்தால் கவிழ்ந்திருக்க வேண்டும். ஒரு போகம் முழுக்கச் சும்மா கிடந்த டப்பா இனியும் பயன்படப் போவதில்லை, பழைய இரும்புக்காரருக்குப் போகட்டும். எப்போதாவது உதவும் என்று சேர்ப்பது கருமித்தனமும் இல்லை, சிக்கனமும் இல்லை, வெறும் குப்பை.

ஒருவழிப் பாதை

இதுவரை சொன்னதெல்லாம் வசதி. இனிச் சொல்வது உயிர்.

அடுக்களையிலிருந்து பட்டறைக்கு டப்பா போகலாம். பட்டறையிலிருந்து அடுக்களைக்கு ஒருநாளும் திரும்பக் கூடாது. நம் ஊரில் இந்தப் பாதை இரண்டு பக்கமும் திறந்து கிடக்கிறது. காரணம், நம் கொட்டகையில் ஆணியும் வாசரும் மட்டும் இல்லை. பூச்சிமருந்தும் அங்கேதான் இருக்கிறது. அது வருகிற டப்பாக்கள் சமையலறை டப்பாவைவிடக் கெட்டி, இறுக்கமான மூடி, பார்க்கவும் லட்சணம். தூக்கிப் போட மனசு வராது.

2013 ஜூலை 16. பீகாரின் சாரண் மாவட்டம், தர்மசதி கந்தாமன் கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமைத்த எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் இருந்தது தடயவியல் சோதனையில் உறுதியானது. நம் வயல்களிலும் அடித்த அதே மருந்து. மருந்து இருந்த கலத்தில் எண்ணெயை வைத்திருந்ததாகவே விசாரணையில் சொல்லப்பட்டது. ஒரு கலம், 23 குழந்தைகள்.

கழுவிவிட்டால் போய்விடும் என்று நினைக்கிறோம். மருந்து டப்பாவின் பிளாஸ்டிக் விஷத்தைக் கொஞ்சம் தன்னுள் இழுத்துக்கொள்ளும். எத்தனை முறை கழுவினாலும் அது உணவுக்கோ குடிநீருக்கோ மாட்டுத் தண்ணீருக்கோ ஆகாது. அதில் ஆணி போடலாமே என்கிறீர்களா? வேண்டாம். இன்று ஆணி போட்ட டப்பாதான் நாளை வேறு யாரோ கையில் தண்ணீர் மொள்ளும். பூச்சிமருந்து விதிகள், 1971, விதி 44 தெளிவாகச் சொல்கிறது: காலிக் கலங்களை வெளியே போட்டுவிட்டுப் போகக் கூடாது, உடைத்து, குடியிருப்புக்குத் தள்ளிப் புதைக்க வேண்டும். மருந்தைத் தெளிப்பானில் ஊற்றியதும் டப்பாவை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரையும் தெளிப்பானிலேயே ஊற்றி, டப்பாவில் ஓட்டை போட்டுவிடுவதுதான் உலகம் முழுக்கச் சொல்கிற முறை. ஓட்டை போட்டுவிட்டால் யாரும் எடுத்துப் புழங்க முடியாது. வாய்க்காலில் கழுவுகிறவர்கள், கீழ்மடையில் யார் குளிக்கிறார்கள் என்று ஒரு தடவை திரும்பிப் பார்க்கட்டும். லேபிளில் இருக்கும் முக்கோணத்தின் நிறத்தை வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். சிவப்பு மிகக் கொடிய விஷம். அதற்குக் கீழே மஞ்சள், நீலம், பச்சை.

எதிர்த்திசையில் நடக்கிற தப்பு இன்னும் சகஜம். கூல்டிரிங்ஸ் பாட்டிலில் மண்ணெண்ணெய், தண்ணீர் பாட்டிலில் தின்னர், குவார்ட்டர் பாட்டிலில் பேட்டரி ஆசிட். தாகத்தோடு ஓடி வருகிற குழந்தைக்கு அது பெப்சிதான். இந்திய மருத்துவமனைகளில் குழந்தைகள் தவறுதலாகக் குடித்து வருகிற பொருள்களில் மண்ணெண்ணெய்க்கு நெடுங்காலமாக முன்வரிசை. குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது; நுரையீரலுக்குள் போய்விடும். 108-ஐக் கூப்பிடுங்கள். தின்னரும் பெட்ரோலும் எந்தப் பிளாஸ்டிக்கிலும் நிற்கும் என்றும் நினைக்காதீர்கள். தயிர்க் கப் மாதிரி மெல்லிய டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று இருந்தால், தின்னர் அதைக் கரைத்துவிடும். இப்படிப்பட்ட திரவங்கள் வாங்கி வந்த டின்னிலேயே, அதே லேபிளோடு, பூட்டுக்குள் இருக்க வேண்டும். டப்பா மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை.

சரி, ஓட்டை போட்ட மருந்து டப்பாவை விவசாயி எங்கே கொண்டுபோய்ப் போடுவது? வயலுக்கு வயல் குழி வெட்டிப் புதைத்துக்கொண்டே இருக்க முடியுமா? பிரேசில் 2000-ல் ஒரு சட்டம் போட்டது. விவசாயி அலசித் திருப்பிக் கொடுக்க வேண்டும், கடைக்காரர் வாங்கிக்கொள்ள வேண்டும், கம்பெனி எடுத்துப்போய் மறுசுழற்சி செய்ய வேண்டும். இன்று அங்கே விற்கிற மருந்து பிளாஸ்டிக் கலங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் திரும்பி வருகின்றன. டாஸ்மாக் கடையில் காலி பாட்டிலுக்குப் பத்து ரூபாய் திருப்பித் தருகிற ஏற்பாட்டை 2022-ல் நீலகிரியில் ஆரம்பித்து மற்ற மாவட்டங்களுக்கும் கொண்டுபோக நம் அரசால் முடிந்தது. சாராய பாட்டிலுக்கு முடிந்தது விஷப் பாட்டிலுக்கு ஏன் முடியாது?

ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் ஈச்சங்கோட்டையில் வேளாண்மைக் கல்லூரியே இருக்கிறது. ஊருக்கு ஊர் கூட்டுறவுக் கடன் சங்கம் இருக்கிறது. சம்பா மருந்தடிப்பு ஆரம்பிப்பதற்குள் ஒவ்வொரு சங்க வாசலிலும், ஒவ்வொரு மருந்துக் கடையிலும் காலி டப்பா வாங்கிக்கொள்ள ஒரு பூட்டிய பீப்பாய் வைக்க வேளாண்மைத் துறை உத்தரவிட வேண்டும். அது வருகிற வரைக்கும், பட்டறைக்கு டப்பா பொறுக்க இந்த ஞாயிற்றுக்கிழமை கொட்டகைக்குள் போகிறவர்கள், முதல் வேலையாக அங்கே கிடக்கிற மருந்து டப்பாக்களில் ஓட்டை போட்டுவிடுங்கள். ஹார்லிக்ஸ் பாட்டில் அடுத்த வாரம் வரை காத்திருக்கும்.